காது மெஷின் விற்றவர் மீது புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? கலிபோர்னியாவின் விசாரணை முறை, எளிமையாக

கலிபோர்னியாவில் மகளோடு தங்கியிருக்கும் எழுபது வயது அப்பா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காது மந்தம். கடையில் பரிசோதித்து, சில ஆயிரம் டாலருக்கு இரண்டு காது மெஷின்களை மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் இரைச்சல்தான் கேட்கிறது, பேத்தியின் பேச்சு கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோதெல்லாம் "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்று அனுப்பிவைத்தார்கள். நாலாவது முறை போனபோது "கெடு முடிந்துவிட்டது" என்றார்கள்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு வீடு. மூன்று வயதுப் பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் வாரம் இரண்டு முறை வர வேண்டும், ஒரு முறைதான் வருகிறார். இன்ஷூரன்ஸ் தாளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு முறைக்கும் பில் போயிருக்கிறது.

இந்த இரண்டு வீட்டாரும் புகார் கொடுக்க வேண்டிய இடம் ஒன்றுதான். மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் இருக்கும் அந்த அமைப்பின் பெயர் கொஞ்சம் நீளம்: பேச்சு-மொழி நோயியல், செவியியல், காது கேட்கும் கருவி விற்பனையாளர் வாரியம். முன்பு கருவி விற்பவர்களுக்குத் தனி அலுவலகம் இருந்தது. 2010 தொடக்கத்திலிருந்து எல்லோரும் ஒரே குடைக்குள். ஸ்பீச் தெரபிஸ்ட், அவருடைய உதவியாளர், காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், கருவி விற்பவர் என எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுப்பதும் தவறு செய்தால் பறிப்பதும் இந்த வாரியம்தான். உறுப்பினர்கள் 9 பேர். தொழில் செய்பவர்கள் 6 பேர், பொதுமக்கள் சார்பில் 3 பேர். அந்த மூவரில் ஒருவர் காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருக்க வேண்டும். பொதுமக்களைப் பாதுகாப்பதே வாரியத்தின் முதல் வேலை, வேறு எந்த நலனோடு மோதினாலும் அதுவே மேலானது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று. வாரியத்துக்குப் போகும் புகார், உங்களுக்கும் அந்தத் தெரபிஸ்டுக்கும் நடக்கும் வழக்கு அல்ல. அது மாநிலத்துக்கும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் நடக்கும் வழக்கு. அதில் நீங்கள் சாட்சி, அவ்வளவுதான். இது தெரியாததால்தான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். பணம் ஏன் திரும்பி வரவில்லை, முடிவெடுக்கும் முன் ஏன் என்னைக் கேட்கவில்லை, மாதக்கணக்கில் ஏன் ஒரு தகவலும் இல்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்த மனிதர் தொழிலில் தொடர்வது அடுத்த நோயாளிக்கு ஆபத்தா என்பதுதான் வாரியத்தின் முன் இருக்கும் கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம். கைக்கு வந்துவிட்ட லைசென்ஸை நீதிமன்றங்கள் சொத்தைப் போலவே பார்க்கின்றன. ஒருவர் ஆறேழு வருடம் படித்து, கடன் வாங்கி, பரீட்சை எழுதி வாங்கியது அது. ஒரே ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அதைப் பிடுங்க முடியாது. பிடுங்கவும் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

புகார் போய்ச் சேர்ந்த பிறகு

புகார் வந்த 10 நாளுக்குள் என்ன நடவடிக்கை தொடங்கியிருக்கிறோம் என்று புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். முதலில், இது நம் அதிகாரத்துக்குள் வருகிற விஷயமா என்று பார்ப்பார்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போட்டார், ஃபீஸ் அதிகம் என்பவை மட்டும் இருந்தால் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். பணம் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், சிறு வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது. தனிநபர்கள் அங்கே 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. வாரியத்தில் புகார், கோர்ட்டில் பணம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதற்கும் தடையில்லை.

பள்ளிக்கூடத்துத் தெரபிஸ்ட் விஷயத்தில் பெற்றோர் அடிக்கடி தடுமாறுகிறார்கள். அரசுப் பள்ளியில் வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்ட், ஆசிரியர்களுக்குச் சான்று கொடுக்கும் ஆணையத்தின் சான்றை மட்டும் வைத்துக்கொண்டே பணியாற்றலாம். அவருக்கு இந்த வாரியத்தின் லைசென்ஸ் கட்டாயமில்லை. லைசென்ஸே இல்லாதபோது வாரியம் எதைப் பறிக்கும்? அப்படிப்பட்ட புகார் பள்ளி மாவட்டத்துக்கும் அந்த ஆணையத்துக்கும் போக வேண்டும். அதேபோல 'ஆஷா' என்று சொல்லப்படும் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் வேறு, வாரியம் வேறு. ஆஷா ஒரு தொழில்முறைச் சங்கம். அதற்கும் ஒழுக்க விதிகளும் ஒழுக்கக் குழுவும் உண்டு, தான் கொடுத்த சான்றிதழை அது திரும்ப வாங்கலாம். ஆனால் மாநில லைசென்ஸில் கைவைக்க அதனால் முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடும் மாறும். டெக்சாஸில் 2016-லிருந்து இந்த வேலையைச் செய்வது பல தொழில்களைச் சேர்த்து மேற்பார்க்கும் ஒரு பொதுவான அரசுத் துறை.

புகார் வந்தால்தான் விசாரணை என்றும் இல்லை. லைசென்ஸ் வாங்கும்போதே ஒவ்வொருவருடைய கைரேகையும் மாநில நீதித்துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் போகிறது. பிறகு என்றாவது அவர் கைதானால் வாரியத்துக்குத் தகவல் வந்துவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு ஞாயிற்றுக்கிழமை இரவு பிடிபட்ட ஆடியாலஜிஸ்டின் பெயர் வாரியத்தின் மேசைக்கு வருவது இப்படித்தான். வேலை நேரத்தில் நடக்காததற்கு லைசென்ஸ் மேல் நடவடிக்கையா என்று கேட்கலாம். அந்தக் குற்றம் அவர் செய்யும் தொழிலின் தகுதியோடும் கடமையோடும் தொடர்புடையதா என்பதை வாரியம் பார்க்கும். போதைப் பழக்கம், திருட்டு, ஏமாற்று போன்றவை தொடர்புடையவை என்று வாதிடுவது கடினமில்லை.

அப்புறம் ஆதாரம் திரட்டும் வேலை. நோயாளியின் சிகிச்சைப் பதிவுகள் ரகசியம் என்பதால், அவற்றைக் கேட்டு வாங்க நோயாளியின் கையெழுத்து வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரின் கையெழுத்து. அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பாமல் விட்டால், விசாரணை அங்கேயே படுத்துக்கொள்ளும். தெரபிஸ்டிடம் விளக்கம் கேட்பார்கள். விஷயம் பெரிதென்றால் நுகர்வோர் விவகாரத் துறையின் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அந்தப் பிரிவில் போலீஸ் அதிகாரம் பெற்ற புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள், நேரில் வந்து விசாரிப்பார்கள், தேவைப்பட்டால் சம்மன் மூலம் ஆவணங்களை வரவழைப்பார்கள். மோசடி என்று தெரிந்தால் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும் தகவல் போகலாம்.

புகார் எழுதுகிறவருக்கு ஒரு வார்த்தை. "அவர் ரொம்ப மோசம்" என்ற வரியால் விசாரணை அதிகாரிக்கு ஒரு பயனும் இல்லை. "மார்ச் 4-ஆம் தேதி மெஷின் கொடுத்தார், 19-ஆம் தேதி திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்தார், ரசீதும் மெசேஜும் இணைத்திருக்கிறேன்" என்பதுதான் ஆதாரம். நம்மில் பலர் வாய்ப் பேச்சிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறோம். கடைக்காரரிடம் சொன்னதை அன்றைக்கே ஒரு இமெயிலாக அனுப்பிவைத்தால், ஆறு மாதம் கழித்து அது பேசும். நாம் சொன்ன அப்பாவுக்கு இது இன்னும் முக்கியம். கலிபோர்னியாவில் விற்கும் காது மெஷினுக்கு, இது உங்கள் தேவைக்குப் பொருந்தும் என்ற எழுத்து உத்தரவாதம் கொடுத்தாக வேண்டும். பொருந்தாவிட்டால் 45 நாளுக்குள் திருப்பலாம். நாள் கணக்குதான் அங்கே வழக்கே.

தவறு என்று யார் சொல்வது?

விசாரணை அதிகாரிக்குச் செவியியல் தெரியாது. ஆகவே சிகிச்சை பற்றிய புகார் என்றால், பதிவுகளை அதே துறையைச் சேர்ந்த ஒரு நிபுணரிடம் கொடுப்பார்கள். முழு விசாரணையின் மையமும் இதுதான் என்பேன். நோயாளிக்குக் குணமானதா என்பது அந்த நிபுணரின் கேள்வி இல்லை. நல்ல தெரபி கொடுத்தும் பேச்சு வராத குழந்தைகள் உண்டு. சரியான மெஷினை மாட்டியும் பேச்சு தெளிவாகக் கேட்காத காதுகள் உண்டு, ஏனென்றால் நரம்பின் சேதத்தை ஒலியைக் கூட்டுவதால் சரிசெய்ய முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் இந்த நிலையில் செய்ய வேண்டியதை இவர் செய்தாரா என்றுதான் நிபுணர் பார்க்கிறார். நடைமுறையிலிருந்து சற்று விலகினால் கவனக்குறைவு, வெகுதூரம் விலகினால் கடும் கவனக்குறைவு. கடும் கவனக்குறைவு ஒரு முறை நடந்தாலே தண்டிக்கலாம். சாதாரணக் கவனக்குறைவு என்றால் திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும்.

சில இடங்களில் நிபுணர் தேடவே வேண்டாம், சட்டமே கோடு போட்டிருக்கிறது. காது மெஷின் விற்பவர் சில அறிகுறிகளைக் கண்டால் விற்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியாக வேண்டும். கடந்த 90 நாளுக்குள் காதில் சீழ் வடிந்திருந்தால், திடீரென்று கேட்கும் திறன் குறைந்திருந்தால், தலைசுற்றல் இருந்தால், காதில் நிறைய அழுக்கு அடைத்திருந்தால் இதெல்லாம் பொருந்தும். காரணம் லேசானது இல்லை. திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு உடனே மருந்து கொடுத்தால் பலனிருக்கலாம், நாள் கடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அந்த நேரத்தில் ஒருவர் மெஷினை மாட்டி அனுப்பிவிட்டால், நோயாளி இழந்தது பணம் மட்டுமில்லை. அதேபோல 16 வயதோ அதற்குக் கீழோ இருப்பவருக்கு விற்பதானால், முந்தைய ஆறு மாதத்துக்குள் காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் ஆடியாலஜிஸ்டும் இருவரும் பரிந்துரைத்திருக்க வேண்டும். கடையின் கோப்பில் அந்தப் பரிந்துரைகள் இருக்கின்றனவா, இல்லையா? இல்லை என்றால் வழக்கு நேர்வழியில் போகும்.

பில் மோசடியும் அப்படித்தான். அந்தப் பையன் ஊரிலேயே இல்லாத வாரத்துக்கு 'வந்தான், 45 நிமிடம் பயிற்சி பெற்றான்' என்று ஏட்டில் எழுதியிருந்தால் விமான டிக்கெட்டே சாட்சி. விசாரணை வந்துவிட்டது என்று பயந்து பழைய ஏட்டைத் திருத்துகிறவர்கள் முதல் தவறைவிடப் பெரிய தவறைச் செய்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆதாரம் போதவில்லை என்று மூடப்படும் புகார்கள் உண்டு. தவறு சிறியது என்றால் எச்சரிக்கைக் கடிதமோ, அபராதத்தோடு ஒரு ஆணையோ போகும். அந்த அபராதத்தின் உச்சவரம்பு 5,000 டாலர்.

வழக்காக மாறும்போது

தவறு பெரியது, ஆதாரமும் இருக்கிறது என்றால் கோப்பு மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்துக்குப் போகும். அங்குள்ள வழக்கறிஞர் குற்றச்சாட்டு மனுவை எழுதுவார். 'அக்யூசேஷன்' என்று அதற்குப் பெயர். அதுவரை ரகசியமாக இருந்த விஷயம் அன்றிலிருந்து பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் வாரியத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் படிக்கலாம். மனு கைக்கு வந்த 15 நாளுக்குள், நான் எதிர்த்து வாதாடுகிறேன் என்று தெரபிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால், நம் ஊர்க் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி என்பார்களே, அதுபோல அவர் இல்லாமலேயே தீர்ப்பாகலாம். பழைய விலாசத்துக்குப் போன தபாலைப் பார்க்காமல் லைசென்ஸை இழக்கும் ஆபத்து இங்கே உண்மையானது. விலாசம் மாறினால் வாரியத்துக்குச் சொல்வது இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை.

ஆபத்து உடனடியானது என்றால் இத்தனை படியும் ஏறக் காத்திருப்பதில்லை. நோயாளியிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டார், போதையில் வேலைக்கு வருகிறார் போன்ற நிலைமைகளில், முழு விசாரணைக்கு முன்பே தற்காலிகமாக லைசென்ஸை நிறுத்திவைக்கும் ஆணையை நீதிபதியிடம் கேட்கலாம். கிரிமினல் வழக்கும் நடந்துகொண்டிருந்தால், வழக்கு முடியும் வரை தொழில் செய்யக் கூடாது என்று அந்தக் கோர்ட்டே உத்தரவிடவும் வழி இருக்கிறது.

பல வழக்குகள் விசாரணை நாளுக்கு முன்பே பேசி முடிக்கப்படுகின்றன. முடியாதவை, அரசு அமைப்புகளின் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் வரும். ஜூரி கிடையாது. தெரபிஸ்ட் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தன் செலவில். நிரூபிக்க வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு. எந்த அளவுக்கு? 1982-இல் ஒரு மருத்துவரின் வழக்கில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபடி, சாதாரண சிவில் வழக்கில் போதுமான ஆதாரம் இங்கே போதாது. தெளிவான, மனதில் உறுதி உண்டாக்கும் ஆதாரம் வேண்டும். கொலை வழக்கில் கேட்கும் அளவுக்கு வேண்டாம், கடன் வழக்கில் கேட்பதைவிட அதிகம் வேண்டும். பிரிட்டனில் ஸ்பீச் தெரபிஸ்டையும் கருவி விற்பவரையும் மேற்பார்க்கும் கவுன்சில் இவ்வளவு கேட்பதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பட்டால் போதும். ஒரே தவறு, இரண்டு நாட்டில் இரண்டு முடிவு வரலாம்.

நீதிபதி எழுதுவது இறுதித் தீர்ப்பு அல்ல, முன்மொழிவுதான். அது வாரியத்துக்குப் போகும். 100 நாளுக்குள் வாரியம் அதை ஏற்கலாம், தண்டனையைக் குறைக்கலாம். கூட்ட நினைத்தால் முன்மொழிவை ஒதுக்கிவிட்டு, விசாரணைப் பதிவு முழுவதையும் படித்துத் தானே முடிவெழுத வேண்டும். வழக்குத் தொடுப்பது வாரியத்தின் நிர்வாக அதிகாரி, கடைசியில் நீதிபதிபோல உட்காருவது உறுப்பினர்கள். நடுவில் இருவரும் வழக்கைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. ஆகவே, கோபத்தில் உறுப்பினர்களின் இமெயிலைத் தேடிப் பிடித்து உங்கள் கதையை அனுப்பாதீர்கள். அதைப் படித்த உறுப்பினர் அந்த வழக்கில் ஓட்டுப் போடாமல் விலக வேண்டிவரலாம்.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதே தொழிலைச் செய்பவர்கள் என்பது பலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. தன் ஆளைக் காப்பாற்றுவார்களே என்பது ஒரு பயம். போட்டியாளரை ஒழிப்பார்களே என்பது இன்னொன்று, அது நடந்தும் இருக்கிறது. வட கரோலினாவின் பல் மருத்துவர் வாரியம், பல்லை வெண்மையாக்கும் சேவையைக் குறைந்த விலையில் கொடுத்த சாதாரணக் கடைக்காரர்களுக்கு, நிறுத்துங்கள் என்று குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பியது. வாரியத்தின் 8 பேரில் 6 பேர் பல் மருத்துவர்கள். தொழில் செய்பவர்கள் கையில் இருக்கும் வாரியத்தை அரசு உண்மையாக மேற்பார்க்காவிட்டால், போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு இல்லை என்று 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பல மாநிலங்கள் தங்கள் வாரியங்களின் மேற்பார்வையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

தண்டனையைப் படிப்பது எப்படி

வாரியத்தின் ஆணைகளில் அடிக்கடி வரும் ஒரு வாசகம் புதியவர்களைக் குழப்பும்: "லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது; ரத்து நிறுத்திவைக்கப்படுகிறது; மூன்று ஆண்டு கண்காணிப்பு." ரத்தா, இல்லையா? ரத்துதான், ஆனால் கத்தி உறைக்குள் இருக்கிறது. நிபந்தனைகளைக் காப்பாற்றினால் அது வெளியே வராது. நிபந்தனைகளும் விதவிதம். இன்னொரு தெரபிஸ்டின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், முதலாளியிடம் இந்த ஆணையைக் காட்ட வேண்டும், கூடுதலாக வகுப்புகள் படிக்க வேண்டும். போதை சம்பந்தப்பட்டது என்றால் கூப்பிட்டபோதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனை. விசாரணைக்கு ஆன நியாயமான செலவையும் தெரபிஸ்டே கட்டும்படி ஆணையிடலாம். புகார் கொடுத்தவருக்கு ஒரு காசு செலவில்லை.

கண்காணிப்பு இல்லாத நேரடி ரத்து, தானாகவே லைசென்ஸை ஒப்படைப்பது, குறிப்பிட்ட நாளுக்கு நிறுத்திவைப்பது, பகிரங்கக் கண்டனம் என்று மற்றவையும் உண்டு. எது வந்தாலும் அது தேசியத் தரவு வங்கி ஒன்றில் பதிவாகும். மருத்துவமனைகளும் மற்ற மாநில வாரியங்களும் அங்கே பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் ரத்தாகி நெவாடாவில் சத்தமில்லாமல் கடை போடுவது இப்போது எளிதில்லை. பொதுமக்களுக்கு அந்த வங்கி திறப்பதில்லை. நமக்கு வாரியத்தின் லைசென்ஸ் தேடல் பக்கம்தான். குழந்தையை ஒருவரிடம் சேர்க்கும் முன் அங்கே பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

காலம்தான் கஷ்டமான விஷயம். 2010 வாக்கில் இப்படிப்பட்ட வழக்குகள் சராசரியாக மூன்று வருடம் இழுத்தன. அதை 12 முதல் 18 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை அப்போது இலக்கு வைத்தது. பதினெட்டு மாதம் என்பதே மூன்று வயதுக் குழந்தைக்கு எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். மொழி வேர்பிடிக்கும் வயது அது. ஆகவே வாரியத்தின் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்காதீர்கள். புகாரை அனுப்பிய அன்றே வேறு தெரபிஸ்டைத் தேடத் தொடங்குங்கள்.

தண்டிக்கப்பட்டவருக்கு அதன் பிறகும் வழி இருக்கிறது. மறுபரிசீலனை கேட்டு வாரியத்திடம் மனுச் செய்யலாம், மாநில நீதிமன்றத்துக்கும் போகலாம். ரத்தானவர் சட்டம் குறித்த காலம் கழிந்த பிறகு லைசென்ஸைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அப்போது பாரம் இடம் மாறிவிடுகிறது. முன்பு, தவறு செய்தார் என்று மாநிலம் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது, திருந்திவிட்டேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். அதுவும் அதே தெளிவான, உறுதியான ஆதாரத்தோடு.